வெந்த கீரையின் கணக்கு

கீரை நல்லது என்று சொல்லிவிடுவது எளிது. எந்தக் கீரை, எப்படிச் சமைத்த கீரை என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கின்றது. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, மலாய்க்காரர் பாயம் என்னும் முளைக்கீரை, கங்கோங், ஸ்பினாச் எனப்படும் குளிர்நாட்டுப் பசலை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மவர் சிலர், விலை கூடியதில்தான் சத்தும் கூட என்று எண்ணி ஸ்பினாச்சை வாங்கி வருவதுண்டு. முருங்கையோ நம் வீட்டு வேலியில் காசில்லாமல் நிற்கின்றது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையைப் பார்ப்போம். வேகவைத்து நீரை வடித்த 100 கிராம் கீரையில், சுண்ணாம்புச் சத்து முளைக்கீரை வகையில் 209 மில்லிகிராம், முருங்கையில் 151, ஸ்பினாச்சில் 136, கங்கோங்கில் 54. புரதத்தில் முருங்கையே முதல். சுமார் 5 கிராம். மற்றவை 2 அல்லது 3 கிராம்தான். இரும்புச் சத்தில் மட்டும் ஸ்பினாச் முந்துகின்றது. அதில் 3.6 மில்லிகிராம், முருங்கையிலும் முளைக்கீரையிலும் 2.3.

ஆனால் அட்டவணையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. ஸ்பினாச்சிலும் முளைக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பினாச்சிலுள்ள சுண்ணாம்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் நமக்குக் கிடைக்கின்றது. பாலிலிருந்து ஏறக்குறைய முப்பது பங்கு கிடைக்கும். எலும்புக்காகக் கீரை வாங்குவோர் சீனர் கடைகளில் கிடைக்கும் கைலானை வாங்கலாம். அதில் இந்த அமிலம் குறைவு.

இனி வடித்த நீர். வைட்டமின் சி வெப்பத்தில் அழியும், நீரிலும் கரையும். பச்சைக் கங்கோங்கில் 100 கிராமுக்கு 55 மில்லிகிராம் இருப்பது, வேகவைத்து வடித்தபின் 16 ஆகிவிடுகின்றது. கொஞ்சம் நீரில் வேகவைத்து, அந்த நீரோடு கடையும் நம் பாட்டிமார் முறை இதற்கு மிக ஏற்றது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் ஆக்சாலிக் அமிலம் மிகுந்த கீரைகளை வடித்துவிடுவது நலம்; அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கீரையின் மஞ்சள் சத்தான கரோட்டீன் உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். தாளிப்பதோ தேங்காய்ப்பூ போடுவதோ ருசிக்கு மட்டுமல்ல.

வெந்தால் சத்துப் போகிறதே, பச்சையாகவே தின்றால் என்ன என்று கேட்பீர்கள். எல்லாக் கீரைக்கும் அது ஆகாது. சாயோர் மானிஸ் என்னும் தவசிக்கீரையின் பச்சைச் சாற்றை, உடல் இளைக்கும் என்று நம்பி 1990களின் நடுவில் தைவானில் பலர் குடித்தார்கள். அவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டது. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், சிங்கப்பூரில் பலருக்கு மரவள்ளியே உணவு. அதன் கொழுந்தைச் சமைப்பதானால் இடித்து, நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையில் நஞ்சு உண்டு.

இரும்புச் சத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வகுப்பில் பத்து மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்க்கின்றோம். எல்லாம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது இன்னும் ஆபத்து. கீரையின் இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்கும். கீரையை இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அந்தப் பங்கு கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதன் துவர்ப்பு இரும்பைத் தடுத்துவிடும். வேலைக்குப் போகுமுன் வெறும் தேநீர் குடிப்பதில் இந்தத் தொல்லை இல்லை. கீரைச் சோறு உண்ட பின்போ, தேநீருக்கு ஒரு மணி நேரமாவது போகட்டும்.