காலங்கடந்த மருந்துகளை அப்புறப்படுத்தும் முறை

சேர்வராயன் மலையில் காபித் தோட்டமும் கறவை மாடும் உள்ள வீடுகளில், கொட்டகையின் இறவாணத்தில் பழைய மருந்துப் புட்டிகள் செருகியிருப்பது சாதாரணக் காட்சியாகும். மாட்டின் சுரம் தணிந்ததும், பின்னால் உதவுமென்று மிச்ச மருந்து வைக்கப்படுகிறது. அதன் காலம் கடந்ததும் பின்புறத்து ஓடையில் எறியப்படுகிறது. இவ்வழக்கம் அற்பமாகத் தோன்றினும் இதன் விளைவு அற்பமன்று.

ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உள்ளது. மேட்டில் கொட்டியது மேட்டிலேயே நிற்பதில்லை. ஏற்காட்டு ஏரியின் மிகுநீர் கிளியூர் அருவியாய் விழுகிறது. இம்மலையில் உற்பத்தியாகும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து காவிரியைச் சேருகிறது. ஆகையால் மேலே ஒருவர் எறிவது கீழே பலர் பருகும் நீரில் கலக்கக்கூடும். அன்றியும், கிருமிநாசினி மருந்துகள் மண்ணிலும் நீரிலும் சிறிது சிறிதாய்ச் சேர்ந்தால், அவற்றிற்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. பிறகு நோய் கண்ட காலத்தில் மருந்து பலிப்பதில்லை.

மருந்து வேலை முடிந்த பின்பும் கேடு செய்யும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சான்று. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-இல் இவ்வுண்மை வெளியாவதற்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்துவிட்டன. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-இலும், கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் என்பவை 2023-இலும் தடுக்கப்பட்டன. ஆயினும் பழைய புட்டியொன்று இறவாணத்தில் இருந்து, அவசரத்தில் அதை எடுத்து ஊசி போட்டால், சட்டத்தினால் என்ன பயன்?

நிற்க, குடியானவர்கள் அநுசரிக்க வேண்டியவை வருமாறு:

1. கால்நடை மருத்துவர் குறித்த அளவு மருந்தையே வாங்கி, குறித்த நாள் முழுவதும் கொடுக்கவும்.

2. ஆண்டுதோறும் போகிக்கு முன் புட்டிகளின் தேதியைப் பார்த்துக் காலங்கடந்தவற்றைப் பிரித்து வைக்கவும். பழையன கழிக்கும் தீயில் மருந்தை இடலாகாது, அப்புகை நஞ்சாகும்.

3. கால்நடை மருந்தகத்திலோ மருந்துக் கடையிலோ திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என முதலில் விசாரிக்கவும்.

4. அதற்கு வழியில்லையேல், மாத்திரைகளை நொறுக்காமல், காபி வடித்த சக்கையுடனோ மண்ணுடனோ கலந்து, மூடிய டப்பாவிலிட்டுத் துப்புரவுப் பணியாளரிடம் தனியே ஒப்படைக்கவும். சக்கையில் கலந்ததைக் குழந்தைகளும் நாய்களும் நாடா. கடுமையான வலிநீக்கி மருந்துகள் சிலவற்றிற்குத் தனி முறை உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டறியவும்.

5. ஊசிகளைக் கெட்டியான தகர டப்பாவில் அடைத்து, கால்நடை மருந்தகத்தில் சேர்ப்பிக்கவும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், காலங்கடந்த மருந்துகளைத் தீங்கு விளைக்கும் வீட்டுக் கழிவுகளுள் சேர்த்தன. ஆகவே கிராம அதிகாரிகள், மருந்துகளைச் சேகரிக்க ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, முன்கூட்டியே தண்டோராப் போட்டு அறிவித்தல் நலம். ஒரு வீட்டார் மட்டும் ஜாக்கிரதையாயிருந்து பயனில்லை. ஊற்று ஊருக்கெல்லாம் பொது.