நாற்பது புள்ளி போதுமா?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இருவகை மாணவரைக் காணலாம். பட்டியலை மேலிருந்து படிப்பவர் ஒருவகை. கீழிருந்து படிப்பவர் மற்றொரு வகை. முன்னவர் தேடுவது பெருமை; பின்னவர் தேடுவது பிழைப்பு. கால்பந்துப் பட்டியலைப் படிப்போரிலும் இவ்விரு வகையினர் உண்டு. ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் விடுதியின் பொது அறையில் இரண்டாம் வகையினரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் யார் முதலிடம் என்ற பேச்சை விட, யார் கீழே இறங்குவார் என்ற பேச்சில்தான் சூடு அதிகம்.

எவர்ட்டன் கழகத்தின்மேல் பற்றுக்கொண்ட இளைய நண்பர் ஒருவர் ஒருநாள் என்னைக் கேட்டார்: “அண்ணா, நாற்பது புள்ளி எடுத்துவிட்டால் பயமில்லை என்கிறார்களே, உண்மைதானா?” நான் புள்ளியியல் படிப்பவன் என்பதால் என்னிடம் வந்தார். அன்று உணவுக்கூட வரிசையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

இறக்கம் என்றால் என்ன?

பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற 19 கழகங்களுடன் தன் மைதானத்தில் ஒருமுறையும் எதிரியின் மைதானத்தில் ஒருமுறையும் மோதும். ஆக, ஆளுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அதாவது, போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் எண். பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். அங்கிருந்து மூன்று கழகங்கள் மேலேறி வரும். எனவே 17-ஆம் இடம் கரை. 18-ஆம் இடம் வெள்ளம்.

இம்முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் 1888-இல் தொடங்கின. இரண்டாம் பிரிவு 1892-இல் பிறந்தது. முதல் சில ஆண்டுகளில், மேற்பிரிவின் கடைசிக் கழகங்களும் கீழ்ப்பிரிவின் முதல் கழகங்களும் தமக்குள் தேர்வு ஆட்டங்கள் ஆடி இடத்தை முடிவு செய்தன. 1898-இல் ஸ்டோக்கும் பர்ன்லியும் அப்படி ஓர் ஆட்டத்தில் சந்தித்தன. சமநிலையில் முடிந்தால் இரு கழகங்களுக்குமே மேற்பிரிவில் இடம் உறுதி. பிறகு கேட்பானேன்? கோலை நோக்கிப் பந்தை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. தேர்வு ஆட்டங்களுக்கு அத்துடன் முடிவு கட்டப்பட்டது. அடுத்த பருவத்திலிருந்து கடைசியில் நிற்பவர் தாமாகவே இறங்கும் விதி வந்தது.

இறங்கினால் என்ன இழப்பு? முதலில் பணம். பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பெறும் கழகத்துக்கும் ஒளிபரப்பு வருவாயில் பத்துக் கோடிப் பவுண்டை ஒட்டிய பங்கு கிடைக்கிறது. இறங்கிய கழகத்துக்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை உண்டு. ஆயினும் அது ஆண்டுக்காண்டு குறைந்து மறைந்துவிடும். சிறந்த ஆட்டக்காரர்கள் விலை போவார்கள். சண்டர்லாந்து கழகம் 2017-இல் இறங்கியது. விழுந்த வேகம் நிற்காமல் 2018-இல் மூன்றாம் பிரிவுக்கும் போயிற்று. அங்கிருந்து மீள நான்கு ஆண்டுகள். மீண்டும் பிரீமியர் லீக்கை எட்டியது 2025-இல்தான். நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடப்பட்டுவிட்ட அந்நகரத்தாருக்கு எஞ்சியிருந்த பெரும் பெருமைகளுள் ஒன்று அக்கழகம். ரசிகர் எண்ணிக்கொண்டிருப்பது வெறும் புள்ளிகளை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

நாற்பதின் கதை

இனி நாற்பதுக்கு வருவோம். ஒவ்வொரு கழகமும் 38 ஆட்டம் ஆடும் இன்றைய முறை 1995-96 பருவத்தில் தொடங்கியது. அன்றுமுதல் 2024-25 வரையுள்ள 30 பருவங்களில், நாற்பதோ அதற்கு மேலோ பெற்றும் இறங்கிய கழகங்கள் மூன்றே. 1996-97-இல் சண்டர்லாந்து 40 புள்ளியுடன் இறங்கியது. அடுத்த ஆண்டு போல்டன் 40 புள்ளியுடன், எவர்ட்டனுக்குச் சமமாக நின்றும், கோல் வித்தியாசத்தால் இறங்கியது. 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி பெற்றும் தப்பவில்லை.

மறுபுறமும் பாருங்கள். 2004-05-இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 34 புள்ளியில் பிழைத்தது. 2024-25-இல் 18-ஆம் இடம் பெற்ற லெஸ்டர் சிட்டியிடம் இருந்தவை 25 புள்ளிகளே. அவ்வாண்டு 26 புள்ளி எடுத்தவரும் கரையேறியிருப்பார். ஏன் இந்த வேறுபாடு? அவ்வாண்டு இறங்கிய மூன்றும் அதற்கு முந்தைய ஆண்டுதான் மேலேறி வந்த கழகங்கள். கீழே மூவர் மிகவும் மெலிந்து நின்றால், அவர்கள் இழக்கும் புள்ளிகள் மேலே உள்ளோருக்குப் போய்ச் சேரும், கோடு தாழும். கீழுள்ளோரும் ஒருவரையொருவர் வென்று மல்லுக்கட்டினால் கோடு உயரும். ஆகவே நாற்பது என்பது விதியன்று. அனுபவத்தில் வந்த ஒரு பாதுகாப்பான மதிப்பு. கோட்டை நாம் போடுவதில்லை. நமக்கு அருகில் தத்தளிப்பவர் போடுகிறார்.

ரசிகர் செய்யும் பெரும் பிழை இதுதான். அவர் தம் கழகத்தின் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, “இதில் மூன்று, அதில் ஒன்று” என்று கூட்டுகிறார். போட்டியாளரின் ஆட்டங்களைக் கூட்டுவதில்லை. கூட்டினாலும் அவர்கள் எல்லாவற்றிலும் தோற்பதாகவே கூட்டுகிறார்!

ஒரு சிறு கணக்கு

தாளும் பென்சிலும் போதும். நம் கழகம் 18-ஆம் இடத்தில் 33 புள்ளியுடன் நிற்கிறது. 17-ஆம் இடத்தில் உள்ள கழகத்துக்கு 35 புள்ளி. கோல் வித்தியாசத்திலும் அது நம்மை விட மேல். இருவருக்கும் வேறு வேறு எதிரிகளுடன் இரண்டிரண்டு ஆட்டங்கள் மீதம். எளிமைக்காக வெற்றி, சமநிலை, தோல்வி மூன்றும் சம வாய்ப்புடையவை என்று கொள்வோம்.

இரண்டு ஆட்டங்களுக்கு 9 விதமான முடிவுகள். அவற்றில் 6 புள்ளி கிடைப்பது ஒரு வகையில். 4 புள்ளி இரு வகையில். 3 புள்ளி இரு வகையில். 2 புள்ளி ஒரு வகையில். 1 புள்ளி இரு வகையில். பூச்சியம் ஒரு வகையில். இரு கழகங்களையும் சேர்த்தால் 9 × 9 = 81 முடிவுகள்.

நாம் தப்ப வேண்டுமானால் எதிரியை விட 3 புள்ளியாவது கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நாம் 6 பெற்றால் எதிரி 3-க்கு மேல் பெறக்கூடாது; அதற்கு 1 × 6 = 6 வழிகள். நாம் 4 பெற்றால் எதிரி 1-க்கு மேல் பெறக்கூடாது; 2 × 3 = 6 வழிகள். நாம் 3 பெற்றால் எதிரி ஒன்றுமே பெறக்கூடாது; 2 × 1 = 2 வழிகள். மொத்தம் 14. ஆக, 81-இல் 14. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு.

இப்போது 16-ஆம் இடத்திலும் அதே 35 புள்ளியுடன், நம்மை விட மேலான கோல் வித்தியாசத்துடன் இன்னொரு கழகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரில் ஒருவரை முந்தினாலே நமக்குப் போதும். “அப்படியானால் வாய்ப்பு இரட்டிப்பாகி முப்பத்து நான்கு!” என்று துள்ளுவார் நம் நண்பர். இல்லை. கணக்கிட்டால் வருவது நூற்றுக்கு 27 மட்டுமே. காரணம் எளிது. வாயில்கள் இரண்டானாலும் சாவி ஒன்றே: நாம் மூன்று புள்ளியாவது எடுக்க வேண்டும். அதை எடுக்கத் தவறினால், மேலே எத்தனை பேர் தடுக்கி விழுந்தாலும் நமக்குப் பயனில்லை.

இன்னொரு நுட்பம். இருவருக்கும் ஓர் ஆட்டமே மீதம் என்று கொள்வோம். வேறு வேறு எதிரிகளுடன் ஆடினால், நாம் வெல்லவும் வேண்டும், அவர் தோற்கவும் வேண்டும்; வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் நமக்கும் அவருக்குமே என்றால்? நாம் வென்றாலே அவர் தோற்றவராகிறார். வாய்ப்பு மூன்றில் ஒன்று. இத்தகைய மோதலை ‘ஆறு புள்ளி ஆட்டம்’ என்று ரசிகர்கள் அழைப்பது பொருத்தமே.

சம வாய்ப்பு என்ற கொள்கை உண்மையை விட்டுச் சற்று விலகியதுதான். சொந்த மைதானம், எதிரியின் வலிமை, காயங்கள் ஆகியவற்றைக் கணினியில் இட்டு, மீதி ஆட்டங்களை ஆயிரக்கணக்கான முறை கற்பனையாக ஆடவிட்டு வாய்ப்பைக் கணிப்பதே இன்றைய முறை. ஆயினும் உள்ளே ஓடும் தத்துவம் நம் 81 முடிவுகளின் தத்துவமே.

நம்பிக்கைக்கு இடம் உண்டா?

கிறிஸ்துமஸ் நாளில் பட்டியலின் அடியில் கிடக்கும் கழகம் பெரும்பாலும் மீள்வதில்லை. 1992-93 முதல் 2024-25 வரையுள்ள 33 பருவங்களில் அப்படி மீண்டவை நான்கே: முன்னே சொன்ன வெஸ்ட் பிராம்விச், 2013-14-இல் சண்டர்லாந்து, 2014-15-இல் லெஸ்டர், 2022-23-இல் உல்வர்ஹாம்ப்டன். லெஸ்டரின் கதை வியப்பானது. 29 ஆட்டங்களில் அதற்கு 19 புள்ளிகள். அதே வேகத்தில் போனால் முடிவில் 25 தேறும். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று 41 புள்ளியுடன் முடித்தது; மறு ஆண்டே, 2016-இல், நாட்டின் வாகையரானது!

அப்படியானால் கணக்குப் பொய்யா? அன்று. நூற்றுக்கு ஐந்து என்றால் நடக்காது என்று பொருளன்று. இருபது முறையில் ஒருமுறை நடக்கும் என்று பொருள். நடந்த ஒன்றை நாம் ஆண்டுக்கணக்கில் பேசுகிறோம். நடக்காத பத்தொன்பதும் நம் நினைவில் நிற்பதில்லை. நம்பிக்கை பிழையாவது இந்த இடத்தில்தான்.

2023 மே 28, கடைசி நாள். எவர்ட்டனுக்கு 33 புள்ளி. லெஸ்டருக்கும் லீட்ஸுக்கும் 31. 1954 முதல் இடையறாது மேற்பிரிவில் நிற்கும் எவர்ட்டன், போர்ன்மத்துடன் மோதியது. லெஸ்டர் தன் ஆட்டத்தை 2-1 என வென்று 34-ஐ எட்டியது. எவர்ட்டன் சமநிலை செய்திருந்தால் அதற்கும் 34-தான். கோல் வித்தியாசத்தால் இறங்கியிருக்கும். 57-ஆம் நிமிடத்தில் அப்துலாயே டூக்கூரே அடித்த ஒரே கோல் அதைக் காத்தது. முன்னாள் வாகையரான லெஸ்டர் இறங்கியது.

அன்றிரவு நம் நண்பர் கையில் இரண்டு கைப்பேசிகளுடன் அமர்ந்திருந்தார். ஒன்றில் தம் கழகத்தின் ஆட்டம். மற்றொன்றில் லெஸ்டரின் ஆட்டம். கணக்கை அவர் சரியாகவே கற்றுக்கொண்டார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. நாற்பது புள்ளி போதுமா என்ற கேள்விக்கும் விடை அதுவே. எவர்ட்டன் அவ்வாண்டு எடுத்தது 36. எத்தனை புள்ளி என்பது பொருட்டன்று. நமக்குக் கீழே மூவர் இருந்தால் போதும்.