நாம் கட்டும் மதிப்பீட்டு வரி எங்கே போகிறது?

தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் குழாய் உடைந்தாலும் கூரை ஒழுகினாலும் கிராணியிடம் போய்ச் சொல்வார்கள். செய்து கொடுப்பாரோ மாட்டாரோ, கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். தோட்டத்தை விட்டுப் பாடாங் செராய் தாமான்களில் சொந்த வீடு வாங்கி வந்த குடும்பங்களுக்கு இன்று கிராணி இல்லை. ஆனால் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி பில் மட்டும் தவறாமல் வருகிறது. "வரி கட்டுகிறோமே, கால்வாய் ஏன் அடைத்துக் கிடக்கிறது?" என்று காப்பிக்கடையில் கேட்பவர்கள் பலர். அதை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று அறிந்தவர்கள் சிலர்தான்.

பணம் வரும் வழி

பாடாங் செராய், கூலிம் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் (சட்டம் 171) கழகத்தின் வரவு செலவுக்கு விதி வகுக்கிறது. மதிப்பீட்டு வரி, வியாபார லைசென்ஸ் கட்டணம், சந்தை, அங்காடிக் கடை வாடகை, அபராதம், அரசாங்க மானியம் ஆகியவையே முக்கிய வரவுகள்.

மதிப்பீட்டு வரியை வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மாதம் 300 வெள்ளி வாடகை பெறக்கூடிய வீடு என்றால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. கணக்குக்காக வரி விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 288 வெள்ளி; அரையாண்டுக்கு 144 வெள்ளி. சட்டம் அனுமதிக்கும் உச்ச விகிதம் 35 விழுக்காடு.

நில வரி வேறு, மதிப்பீட்டு வரி வேறு. நில வரி மாநில அரசாங்கத்திற்குப் போகிறது. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதும் தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பஸ் ஏறி வேலைக்குப் போகும் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்குத் தனி ஊராட்சி மன்றம் உண்டு. அங்குள்ள ஆலைகள் கட்டும் மதிப்பீட்டு வரி அந்த மன்றத்தைச் சேரும். உழைப்பது ஓர் எல்லையில், குடியிருப்பது வேறோர் எல்லையில்.

யார் பொறுப்பு?

கழகத்தின் தலைவருக்கு அடுத்து நிர்வாகத்தைக் கவனிப்பவர் செயலாளர். கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது, குறிப்பெழுதுவது, கடிதங்களுக்குப் பதில் தருவது, ஊழியர் விவகாரம் எல்லாம் அவருடைய அலுவலகத்தின் வேலை. தாமான் சாலை, கால்வாய், தெருவிளக்கு, சந்தை, கட்டட அனுமதி ஆகியவை கழகத்தின் பொறுப்பு. பெரிய சாலைகள் பொதுப்பணி இலாகாவுக்கு உரியவை.

குப்பை விஷயம் மாறிவிட்டது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் (சட்டம் 672) கெடாவில் 2011 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதுமுதல் வீட்டுக் குப்பை அள்ளும் பணி இ-இடாமான் நிறுவனத்திடம் இருக்கிறது. அதைக் கண்காணிப்பது மத்திய அரசாங்கத்தின் திடக்கழிவு நிர்வாகக் கழகம். குப்பை லோரி வராததற்கு நகராண்மைக் கழக முகப்பில் நின்று சண்டை போட்டால் நேரம்தான் வீணாகும்.

இன்னும் தோட்ட வீடுகளில் இருப்போர் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலம். அங்கே வீடு, குடிநீர், சுகாதார வசதிகளுக்கு 1990ஆம் ஆண்டின் சட்டம் 446இன்படி முதலாளியே பொறுப்பு. புகாரைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பில்லை ஒதுக்கி வைக்காதீர்

முதல் அரையாண்டு வரியைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். தவறினால் அது நிலுவை. நிலுவைக்கு வாரண்டு பிறப்பித்து வீட்டிலுள்ள சாமான்களைப் பறிமுதல் செய்யக் கழகத்திற்கு அதிகாரம் உண்டு. பிறகும் தீராவிட்டால் வீடே ஏலத்திற்குப் போகலாம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீட்டைச் சில நூறு வெள்ளிக்காகப் பறிகொடுக்கலாமா? கையில் பணம் இல்லாவிட்டால், வாரண்டு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கழகத்திற்குப் போய்த் தவணை கேட்பதே புத்திசாலித்தனம்.

புதிய மதிப்பீடு அதிகம் என்று நினைப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பட்டியலைப் பரிசீலிக்கக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் அதை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். கழகத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர்நீதிமன்றம் வரை போகலாம்.

வாக்கு இல்லை, ஆனாலும் வழி உண்டு

ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நம் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றே 1968இல் அக்குழு பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்கவில்லை. 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது.

ஆனாலும் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தவை என்கிறது. மன்றமே தீர்மானம் போட்டால்தான் கதவை மூட முடியும். கணக்குகளும் தணிக்கைக்கு உட்பட்டவை. இதை நம்மவர்களில் எத்தனை பேர் பயன்படுத்திக் கொள்கிறோம்?

ஆகவே கால்வாய் அடைத்தால் தெருப் பெயர், வீட்டு எண், தேதி, படம் ஆகியவற்றோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அண்டை வீட்டார் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். கிராணியிடம் வாயால் சொன்ன காலம் போய்விட்டது. முத்திரை குத்திய கடிதத்திற்கு அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், அடுத்த கடிதத்தோடு இணைத்து மேலிடத்திற்கு அனுப்ப அந்தப் பிரதி நம் கையில் இருக்கும்.