மடிநோய்க்கு ‘செஃப்’ மருந்துகள்: வகை அறிந்து பயன்படுத்த வேண்டும்

கறவை மாட்டின் மடி வீங்கிப் பால் திரிந்து வந்தால், பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே ஊசி மருந்தை வாங்கிப் போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த மருந்து கடையில் இல்லாவிட்டால், “இது அதைவிட வீரியமானது” என்று வேறொன்று கைக்கு வரும். இரண்டின் பெயரும் ‘செஃப்’ என்றே தொடங்குவதால் விவசாயிக்குச் சந்தேகம் எழுவதில்லை. இவை ஒரே குடும்பத்து மருந்துகள்தாம். ஆனால் செய்யும் வேலை ஒன்றல்ல.

பூஞ்சாணம் தந்த மருந்து

இத்தாலியின் சார்டீனியாத் தீவில் 1945-ல் ஜியுசெப்பே பிரோட்சு என்ற டாக்டர், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பூஞ்சாணத்தைக் கண்டெடுத்தார். அதன் வழியாகக் கிடைத்தவையே செபலோஸ்போரின் மருந்துகள். பெனிசிலினைப் போலவே இவையும் நோய்க்கிருமி தன் மேற்சுவரைக் கட்டவிடாமல் செய்து அதை அழிக்கின்றன. வைரஸுக்கு அத்தகைய சுவர் கிடையாது. ஆகவே, வைரஸால் வரும் கோமாரி நோயை இவை குணப்படுத்தமாட்டா.

ஐந்து தலைமுறைகள்

முதல் தலைமுறை: செபலெக்சின், செபாசோலின். மடிநோய்க்குப் பெரிதும் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் மீது நன்கு வேலை செய்யும்.

இரண்டாம் தலைமுறை: செபுராக்சிம். முன்னவற்றோடு வேறு சில கிருமிகளையும் அடக்கும்.

மூன்றாம் தலைமுறை: செப்ட்ரியாக்சோன், செப்டியோஃபர். சாணத்திலிருந்து மடிக்கு ஏறும் ஈ.கோலை போன்ற கிருமிகளை எதிர்ப்பவை. ஆனால், ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை முதல் தலைமுறை மருந்துகள் அளவுக்கு இவை அடக்குவதில்லை.

நான்காம் தலைமுறை: செப்குயினோம். இரு வகைக் கிருமிகளையும் தாக்கும், கால்நடைகளுக்கென்றே உள்ளது.

ஐந்தாம் தலைமுறை: செப்டரோலின். மனிதர்களுக்கு மட்டுமே உரியது.

தலைமுறை எண் கூடினால் வீரியம் கூடும் என்று பொருளல்ல; தாக்கும் கிருமிதான் மாறுகிறது. கிருமிக்கு ஒவ்வாத மருந்தைப் போட்டு இரண்டு நாள் காத்திருந்தால், அதற்குள் மடி இறுகி அந்தக் காம்பில் பால் நிரந்தரமாக வற்றிவிடலாம்.

வீட்டுக்கும் ஆபத்து

செப்ட்ரியாக்சோன், டைபாய்டு, மூளைக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஆஸ்பத்திரிகளில் மனிதர்களுக்குப் போடப்படும் மருந்து. மாட்டுக்குத் தேவையின்றிப் போட்டாலும், பாதியில் நிறுத்தினாலும், மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகும். தொழுவத்தில் வேலை செய்பவர் கை வழியாகவும் காய்ச்சாத பால் வழியாகவும் அவை வீட்டுக்குள் வரக்கூடும். மூன்றாம், நான்காம் தலைமுறை மருந்துகளை மனித உயிர் காக்க மிக முக்கியமானவை என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருப்பதும் இதனால்தான்.

செய்ய வேண்டியவை

1. மருந்து போடுவதற்கு முன்பே பால் மாதிரி எடுக்க வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சுகளைத் தனியே கறந்துவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டியில் பிடித்து, ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது இந்தச் சோதனையில் தெரியும். அதுவரை என்ன சிகிச்சை என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

2. வீக்கம் வடிந்துவிட்டது என்று ஊசியை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்ன நாள்வரை போட வேண்டும்.

3. மருந்தின் அட்டையில் குறித்துள்ள நாள்வரை பாலை விற்கக் கூடாது. இந்தக் கெடு மருந்துக்கு மருந்து மாறும். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். மருந்து கலந்த பாலில் தயிர் சரியாகத் தோயாது. பெனிசிலின் வகை ஒவ்வாதவர்களுக்குத் தீங்கும் செய்யலாம். அதைக் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.

தொழுவத்தை உலர்வாக வைத்து, கறந்தபின் காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்கியெடுத்து, மாடு அரை மணி நேரம் படுக்காதபடி தீவனம் போட்டுவந்தால் மடிநோய் பெருமளவு குறையும். ஊசிச் செலவும் மிச்சமாகும்.