திறக்க மறுக்கும் பெட்ரோல் மூடி

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுக்கப்பட்ட எல்லை இன்று பாறசாலைப் பகுதிக் குடும்பங்களின் மாதச் செலவுக் கணக்கிலும் தென்படுகிறது. பெட்ரோல் இன்னும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வரவில்லை. அந்தந்த மாநிலமே அதற்கு விற்பனை வரி விதிக்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரி விதித்தது. ஆகவே, களியக்காவிளை வரை வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவோர் எல்லைக் கிராமங்களில் உண்டு.

சிக்கனம் நல்லதே. ஆனால் அதற்காக டேங்கைக் கடைசிச் சொட்டு வரை வற்றவிடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. டேங்குக்குள் இருக்கும் மின்பம்பைக் குளிர்விப்பதும் அந்த எரிபொருள்தான். மேலும், வற்றிய டேங்குடன் நிற்கும்போது வெளி மூடி திறக்க மறுத்தால், பங்க் கண்ணெதிரே இருந்தும் வண்டி நகராது.

மூடியின் அமைப்பு எளியது. ஓட்டுநர் இருக்கையருகே உள்ள லீவரை இழுத்தால் ஒரு கேபிள் பின்னோக்கி இழுபட்டு, மூடியைப் பிடித்திருக்கும் சிறு முளையை விடுவிக்கும். உடனே உள்ளிருக்கும் ஸ்பிரிங் மூடியைச் சற்று வெளியே தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கீலில் துருவும் மண்ணும் படிந்தாலோ, முளை விலகியும் மூடி அசையாது. லீவரை விட்டதும் முளை மீண்டும் மாட்டிக்கொள்ளும். பலரும் கேபிள் அறுந்தது என்று கலங்குவது இந்த நிலையில்தான்.

இதற்கு இருவர் போதும். என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் லீவரை இழுத்தபடியே பிடித்திருக்க, மற்றவர் மூடியின் விளிம்பை உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பின் வெளிப்புறமாக இழுக்க வேண்டும். விரல் நுழையாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகலாம். அது தங்கள் ஏ.டி.எம். அட்டையாக இருக்க வேண்டாம் என்பது எங்கள் தனிப்பட்ட வேண்டுகோள்! சிப் விரிசல் கண்டால் வேறொரு வரிசையில் நிற்க நேரும்.

லீவர் எதிர்ப்பின்றித் தளர்வாக வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது முனையிலிருந்து கழன்றிருக்கலாம். அப்போது டிக்கியின் பக்க உறையைக் கழற்றி, கேபிளின் மறுமுனையைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். சில கார்களில் இதற்கென்றே அவசர இழுகயிறு ஒன்று டிக்கிக்குள் வைக்கப்பட்டிருக்கும். வாகனக் கையேட்டில் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கும். சென்ட்ரல் லாக்குடன் இணைந்த மூடியானால், கதவுகளைச் சாவியால் பூட்டித் திறந்து பார்த்து, பின்னர் ஃபியூஸைச் சோதிக்க வேண்டும். இருட்டில் டிக்கிக்குள் பார்க்கக் கைபேசி விளக்கே போதும். தீக்குச்சியை அருகில் கொண்டுபோகக் கூடாது.

ஸ்குரூ டிரைவரால் நெம்புவதே பெருஞ்செலவுக்கு வழி. மூடி வளைந்து, சுற்றியுள்ள பெயின்ட் உரிந்தால் கேபிள் கோளாறு தகர வேலையாகிவிடும். காப்பீடு இருக்கிறதே எனத் தோன்றலாம். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை. வேறு வகையில் இழப்பீடு கிடைத்தாலும், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடி பறிபோகும். அத்தள்ளுபடி முதல் ஆண்டுக்குப்பின் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் கோரிக்கையின்றிக் கடந்தால் 50 விழுக்காட்டை எட்டும். தனிப் பாதுகாப்பு இணைப்பு இல்லையெனில், ஒரே கோரிக்கையால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யமாகிவிடும். சிறு கீறலுக்காக அதை இழப்பது கணக்குக்கு ஒவ்வாது.

இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பூவாறு, பொழியூர்க் கடற்கரையில் உப்புக் காற்றும் சேர்வதால் கீலும் முளையும் விரைவில் துருவேறும். சர்வீசுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் அவ்விரண்டையும் துடைத்து, சிறிது மசகு இடும்படி சொல்லிவைக்கலாம். மூடியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்த பிறகே வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.