குடவோலையும் கணினித் திறவுகோலும்

சென்ற வாரம் ஒரு நாள் நுவரெலியா மூடுபனி வகுப்பறைச் சாளரம் வரை வந்து நின்றது. பாடநூல் படிக்க ஒளி போதவில்லை. மாணாக்கரை நோக்கி, "மனம்போனபடி இருபது இலக்கங்களை வரிசையாக எழுதுங்கள்" என்றேன். ஏடுகளை வாங்கிப் பார்த்தால், ஒரே இலக்கத்தை அடுத்தடுத்து எழுதியவர் மிகச் சிலரே. குலுக்கி எடுத்திருந்தால் நூற்றுக்கு 86 ஏடுகளில் அத்தகைய இணை ஒன்றேனும் வந்திருக்கும். மனம்போன போக்கும் ஒரு தடத்திற்றான் போகின்றது.

வங்கிக் கணக்கையும் அந்தரங்கக் கடிதத்தையும் கணினியிற் பூட்டிக் காக்கும் திறவுகோல் ஒரு நீண்ட எண். பிறரால் ஊகிக்க இயலாமையே அதன் வலிமை. கணினியோ விதிவழி நடப்பது. தொடக்கம் தெரிந்தவனுக்குத் தொடர் முழுதும் தெரியும். டெபியன் என்னும் இயக்கமுறைமையில், தற்செயலைச் சேர்க்கும் வரியொன்றை 2006இல் அறியாது நீக்கிவிட்டனர். 2008இல் குட்டு வெளிப்பட்டது: ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 திறவுகோல்களே பிறந்துகொண்டிருந்தன! கள்வன் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாமே.

ஆகவே அறிஞர் இயற்கையை நாடினர். வானொலியில் இரு நிலையங்களுக்கிடையே எழும் இரைச்சல் நம் மலைநாட்டார்க்குப் பழகியதொன்று. அதனையொத்த மின்னிரைச்சலை எண்ணாக்கியே, 1957இல் பிரித்தானியாவின் பரிசுப் பத்திரங்களுக்கு எர்னி என்னும் பொறி எண் எடுத்தது. இன்று அவ்வேலை ஒரு சிறு சில்லினுள் நடைபெறுகின்றது.

இவ்விடத்தில் உத்தரமேரூர் நினைவுக்கு வருகின்றது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிக்கின்றன. ஓலையை எடுப்பவன் ஏதுமறியாச் சிறுவன். அதனினும் யான் வியப்பது வேறொன்று: அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேயே வாங்க வேண்டுமாம்! எடுப்பவன் அறியாமை மட்டும் போதாது. வாங்குபவன் கையும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

சில்லுக்கு விரித்த கை ஏது? உள்ளே இரைச்சல்தான் எண்ணாகின்றதா, ஆக்கியோன் முன்னரே அறிந்த தொடர் வருகின்றதா என்பதை வெளிவரும் எண்களைக் கொண்டு துணிய முடியாது. கள்ளத் தொடரும் சோதனைகளில் நன்கு தேறும். இவ்வையத்தால், ஃப்ரீபிஎஸ்டி என்னும் முறைமையை ஆக்குவோர், சில்லின் எண்களை நேரே வழங்காது பிற மூலங்களோடு கலந்தே வழங்குவதென 2013இல் முடிவுசெய்தனர். பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தார் வேறு வழி சென்றனர். ஒளித்துகள்களிலிருந்து எண்களைப் பெற்று, அவை முன்னறிய முடியாதவை என்பதற்கு இயற்பியல் விதியே சான்று பகருமாறு 2024இல் செய்துகாட்டினர்.