காயம் ஆறும் தார் ரோடு!

ரோட்டுக்குச் சூடு காட்டினால் விரிசல் மூடிக்கொள்ளும்!

2010-ம் ஆண்டு நெதர்லாந்தில் இப்படி ஒரு ரோடு போட்டார்கள். ஏ-58 நெடுஞ்சாலையில் 400 மீட்டர் நீளம். டெல்ப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் ஷ்லாங்கன் கண்ட வழி இது.

அந்த நாட்டில் வண்டிகளின் இரைச்சல் குறைய, சந்து சந்தாக இருக்கும்படி ரோடு போடுவார்கள். மழைநீரும் அதில் இறங்கிவிடும். ஆனால், நாளடைவில் தார் இறுகிக் கற்கள் பெயரும். பெயர்ந்த கல் பறந்து கார்க் கண்ணாடியை உடைக்கும்.

அதனால் தாரில் இரும்பு நார் கலந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போன்றதுதான்! மின்காந்த யந்திரத்தை மேலே ஓட்டினால் நார் சூடாகும். தார் இளகி விரிசலுக்குள் வழியும்.

புது நார்தான் வேண்டுமா? லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருள், பழைய டயர்க் கம்பி ஆகிய கழிவுகளையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள்.

விரிசல் சிறிதாக இருக்கும்போதே சூடு காட்டவேண்டும். பள்ளம் விழுந்துவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது.